கைப்பேசிப் பட்டியலில் படங்கள்: அளவறிந்து கொணரும் முறை

தோட்டப்புறங்களில் கைப்பேசி இல்லாத இல்லம் இன்று அரிது. விடியற்காலையில் பால்மரம் சீவச் செல்வோரின் சட்டைப்பையிலும் அஃது உண்டு. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளின் கையிலும் உண்டு. பொருள்களின் விலையை அறியவும், வேலை வாய்ப்புகளைத் தேடவும், உற்றார் உறவினர் அனுப்பும் நிழற்படங்களைக் காணவும் நாம் அதனைப் பயன்படுத்துகிறோம். இப்பயன்கள் யாவும் பெரும்பாலும் ஒரே வடிவில்தான் நம் கண்முன் வருகின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாகப் படங்கள் அடுக்கப்பட்ட ஒரு நீண்ட பட்டியலே அவ்வடிவம். விரலால் மேலே தள்ளத் தள்ளப் புதிய படங்கள் கீழிருந்து வருகின்றன.

இப்பட்டியல் சில செயலிகளில் நீரோட்டம்போல் நகர்கிறது. வேறு சிலவற்றில் விக்கி விக்கி நிற்கிறது. படம் வரவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடக்கிறது, கைப்பேசி சூடேறுகிறது, வாங்கிய டேட்டாவும் மாத முடிவுக்கு முன்னரே தீர்ந்துவிடுகிறது. ‘என் கைப்பேசி பழையது, அதனால்தான் இப்படி’ என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பல வேளைகளில் சரியன்று. அதே பழைய கைப்பேசியில் வேறொரு செயலி தடையின்றி இயங்குவதை அவர்களே கண்டிருப்பர். குறை பெரும்பாலும் செயலியை அமைத்த முறையில் உள்ளது. அம்முறை யாது, அதனைச் செம்மைப்படுத்துவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம். கைப்பேசியைப் பயன்படுத்துவோருக்கும், செயலி அமைக்கும் கலையைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கும் இது பயன்படும்.

படத்திற்கு இரண்டு எடைகள்

எடுத்துக்காட்டாக ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். கெலாங் பாத்தா வட்டாரத்தில் உள்ள ஒரு மளிகைக் கடைக்காக, அரிசி, பருப்பு, எண்ணெய், சவர்க்காரம் முதலிய 60 பொருள்களின் படங்களைக் காட்டும் பட்டியல் அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு பொருளையும் கடைக்காரர் தம் கைப்பேசியிலேயே படம் எடுக்கிறார். அப்படங்கள் தொலைவில் உள்ள வழங்கி என்னும் கணினியில் வைக்கப்படுகின்றன. நாம் செயலியைத் திறந்தவுடன் அவை இணையத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர வேண்டும்.

இன்றைய கைப்பேசி ஒன்று எடுக்கும் படம் அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் கொண்டதாக இருக்கலாம். மொத்தம் 120 இலட்சம் புள்ளிகள். இப்படத்திற்கு இரண்டு வகை எடைகள் உள்ளன என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, பயண எடை. படம் சுருக்கி மடித்துக் கோப்பாக அனுப்பப்படும்போது உள்ள எடை அது. மேற்சொன்ன படம் ஏறத்தாழ 4 மெகாபைட்டு இருக்கும் என்று கொள்வோம். நம் டேட்டாவைத் தின்பது இந்த எடையே.

இரண்டாவது, திரை எடை. வந்து சேர்ந்த கோப்பைக் கைப்பேசி விரித்துப் புள்ளி புள்ளியாகத் தன் நினைவகத்தில் பரப்பிய பின்னரே திரையில் காட்ட முடியும். ஒவ்வொரு புள்ளிக்கும் பொதுவாக 4 பைட்டு வேண்டும். ஆகவே, 120 இலட்சம் புள்ளிகளுக்கு 480 இலட்சம் பைட்டு, அதாவது 48 மெகாபைட்டு இடம் பிடிக்கும். 4 மெகாபைட்டாக வந்த படம், விரித்தவுடன் பன்னிரண்டு மடங்கு பெருகிவிடுகிறது!

திரையில் ஒரே வேளையில் 6 படங்கள் தெரிவதாயின், அவற்றுக்கு மட்டும் 288 மெகாபைட்டு நினைவகம் தேவை. விலை குறைந்த கைப்பேசிகளில் ஒரு தனிச் செயலிக்கு இத்துணை இடம் கிட்டுவது கடினம். இடம் போதாதபோது கைப்பேசி தடுமாறுகிறது. சில வேளைகளில் செயலியையே மூடிவிடுகிறது. இவ்விரண்டு எடைகளையும் குறைப்பதே இப்பாடத்தின் நோக்கம். அதற்கு ஆறு விதிகள் உள்ளன.

முதல் விதி: சட்டத்திற்கு ஏற்ற அளவு

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு சட்டம் உண்டு. அச்சட்டம் 240 புள்ளி அகலமும் 180 புள்ளி உயரமும் கொண்டது எனக் கொள்வோம். 4,000 புள்ளி அகலமுள்ள படத்தை அதில் காட்டினாலும் நம் கண் காண்பது 240 புள்ளிகளையே. எஞ்சியவை வீணே பயணம் செய்து, வீணே நினைவகத்தில் குந்தியிருக்கின்றன. கால் படி அரிசி வாங்க வந்தவரிடம் மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய், வீட்டில் அளந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒப்பானது இது.

ஆகவே, கடைக்காரர் படத்தை ஏற்றும்போதே வழங்கிக் கணினி அதனைப் பல அளவுகளில் ஆக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலுக்குச் சிறியது; பொருளைத் தொட்டு விவரம் காணும்போது நடுத்தரமானது; விரலால் பெரிதாக்கிப் பார்ப்போர்க்கு மட்டும் பெரியது. 240-க்கு 180 அளவுள்ள சிறுபடத்தின் திரை எடை 1,72,800 பைட்டு மட்டுமே. முன்னர்க் கண்ட 48 மெகாபைட்டோடு ஒப்பிட்டால் இது 277 மடங்கிற்கும் மேலாகக் குறைவு.

வழங்கியில் பெரிய படம் ஒன்றே உள்ளதாயின் என் செய்வது? அப்போதும் ஒரு வழி உண்டு. கோப்பை விரிக்கும்போதே சிறிய அளவில் விரிக்குமாறு கைப்பேசிக்குக் கட்டளையிடலாம். இதனால் திரை எடை குறையும். ஆனால் பயண எடை குறையாது. முழுக்கோப்பும் வந்து சேர்ந்துவிட்டதல்லவா? எனவே, இம்முறையை இடைக்கால ஏற்பாடாகக் கொள்ளலாமேயன்றி, நிறைவான தீர்வாகக் கொள்ளலாகாது.

இரண்டாம் விதி: நீரை நீக்கி அனுப்புதல்

மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியது பெரும்பாலும் நீர். ஆதலால்தான் அதனை உறையவைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தி, உலர்த்தி, ஷீட்டாக்கி அனுப்பும் முறை தோன்றிற்று. நீரைச் சுமந்துகொண்டு கப்பலேற வேண்டியதில்லை. படங்களிலும் இத்தகைய ‘நீர்’ மிகுதியாக உண்டு. வானத்தின் நீலமோ, சுவரின் வெண்மையோ அடுத்தடுத்த புள்ளிகளில் பெரிதும் மாறுவதில்லை. அதே செய்தியை ஆயிரம் முறை திரும்பத் திரும்ப அனுப்புவானேன்?

இதனை நீக்கும் வழியைக் கண்டவர்களுள் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் முதன்மையானவர்கள் என்பது நாம் பெருமையுடன் அறியவேண்டிய செய்தி. 1940-ஆம் ஆண்டில் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாசு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1972-ஆம் ஆண்டில், படங்களைச் சுருக்குவதற்குரிய ஒரு கணித முறையை ஆராய்வதற்காக அவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதியுதவி வேண்டினார். அஃது அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. தம்மிடம் முனைவர் பட்டத்திற்கு ஆய்ந்த மாணவர் டி. நடராசனுடனும், டெக்சாசில் பேராசிரியராக இருந்த கே. ஆர். ராவுடனும் இணைந்து, 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அம்முறையை ஆய்விதழில் வெளியிட்டார். இம்மூவருள் ராவ் அவர்கள், சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று 1952-இல் பட்டம் பெற்றவர்.

கொசைன் உருமாற்றம் எனப்படும் அம்முறையே, 1992-ஆம் ஆண்டில் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் படவடிவத்தின் அடித்தளம். படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் சாயலையும் விரைந்து மாறும் நுணுக்கத்தையும் தனித்தனியே பிரித்தெடுக்கிறது இம்முறை. கண்ணுக்குப் புலப்படாத நுணுக்கங்களைக் குறைத்துவிட்டு, புலப்படுவனவற்றை வைத்துக்கொள்கிறது. மனிதக் கண், ஒளியின் ஏற்றத்தாழ்வை உணரும் அளவிற்கு நிறத்தின் நுண்ணிய வேறுபாட்டை உணர்வதில்லை. ஆதலால் நிறச் செய்தியை மேலும் குறைத்து அனுப்பலாம்.

2010-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் அறிமுகப்படுத்திய வெப்பி என்னும் வடிவம், அதே தெளிவுள்ள படத்தை ஜேபெக்கைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சிறிதாக்கும் என்று அந்நிறுவனம் தன் ஆய்வுகளின்வழி தெரிவித்துள்ளது. எவ்வடிவமாயினும், சுருக்கத்தின் அளவைத் தெரிவு செய்வோர் கண்ணால் கண்டு தெரிவு செய்ய வேண்டும். அளவு கடந்து சுருக்கினால் பொட்டலத்தின்மீதுள்ள எழுத்துகள் கலங்கிப் படிக்க முடியாமற் போகும்.

மூன்றாம் விதி: கண் காண்பதை முதலிற் கொணர்தல்

பால்வெட்டுத் தொழிலாளர் தமக்குரிய மரங்களை ஒரே நொடியில் சீவிவிடுவதில்லை. நிரை நிரையாகச் சென்று, ஒரு மரம் முடிந்ததும் அடுத்ததை நாடுகின்றனர். பட்டியலும் அவ்வாறே நடக்க வேண்டும். 60 பொருள்கள் இருப்பினும் திரையில் தெரிபவை 6 மட்டுமே. முதலில் அந்த ஆறின் படங்களை மட்டும் கேட்டுப் பெறுக. விரல் மேலே தள்ளும்போது அடுத்தவற்றைப் பெறுக. பத்துப் பொருள்களைப் பார்த்துவிட்டுச் செயலியை மூடுபவர், எஞ்சிய ஐம்பது படங்களுக்குப் பணம் செலுத்துவது முறையாகுமா?

எனினும், மரத்தடியை அடைந்த பின்னர்க் கத்தியைத் தேடுவோர் எவருமிலர். அதுபோல, திரைக்குச் சற்றுக் கீழே காத்திருக்கும் மூன்று அல்லது நான்கு படங்களை முன்கூட்டியே தருவித்து வைத்தல் நலம். அவ்வாறு செய்தால், பட்டியல் நகரும்போது வெறுஞ்சட்டம் தோன்றாது. இம்முன்னேற்பாடு அளவோடு இருக்க வேண்டும். இருபது, முப்பது என்று முன்கூட்டியே தருவித்தால், முதல் நிலைக்கே நாம் திரும்பியவராவோம்.

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. 1998-ஆம் ஆண்டு முதல் கெலாங் பாத்தாவிற்கு அருகிலுள்ள தஞ்சோங் கூப்பாங்கையும் சிங்கப்பூரின் துவாசையும் இணைத்துவரும் இரண்டாம் இணைப்புப் பாலத்தை நம்மில் பலர் அறிவர். அறுபது லாரிகள் ஒரே நேரத்தில் ஒரு பாலத்தின் வாயிலை மொய்த்தால், அவசரச் சரக்கும் அவசரமற்ற சரக்கும் ஒன்றாகத் தேங்கும். இணைய இணைப்பும் ஒரு பாலமே. ஆகவே, ஒரு வேளையில் சில கோரிக்கைகளையே அனுப்ப வேண்டும். திரையில் தெரியும் படங்களுக்கு முதலிடம் தர வேண்டும். பயனர் விரைவாகத் தள்ளிக் கடந்துவிட்ட படங்கள் இன்னும் வந்துகொண்டிருக்குமாயின், அக்கோரிக்கைகளை நீக்கிவிட வேண்டும். எவரும் காணப்போகாத சரக்கு பாலத்தை அடைத்துக்கொண்டு நிற்கலாகாது.

நான்காம் விதி: வாளியை மீண்டும் பயன்படுத்துதல்

ஐந்நூறு மரங்களின் பாலைச் சேர்ப்பதற்கு ஐந்நூறு வாளிகள் வேண்டுவதில்லை. ஓரிரு வாளிகளே நிறைவதும், கொட்டப்படுவதும், மீண்டும் நிறைவதுமாக வேலை நடைபெறுகிறது. பட்டியலின் சட்டங்களும் அத்தகையனவே. 60 பொருள்களுக்கு 60 சட்டங்களை ஆக்கி வைப்பது நினைவகத்தை வீணாக்கும். மேலே சென்று மறைந்த சட்டத்தை எடுத்து, புதிய பெயரும் புதிய படமும் இட்டு, கீழே வரும் பொருளுக்குப் பயன்படுத்தினால் எட்டு அல்லது பத்துச் சட்டங்களே போதும். ஐபோன் செயலிகளில் 2008-ஆம் ஆண்டு முதலே இம்முறை வழக்கில் உள்ளது. ஆண்டிராய்டு கைப்பேசிகளுக்கு 2014-ஆம் ஆண்டில் கூகுள் வழங்கிய ‘ரீசைக்கிளர் வியூ’ என்னும் கருவியின் பெயரே மறுபயன்பாட்டைக் குறிப்பதாகும்.

ஆயினும், இம்முறையில் ஒரு பெரும் இடர் மறைந்துள்ளது. நேற்றைய பால் ஒட்டியிருக்கும் மங்கைத் துடைக்காமல் வைத்தால், இன்றைய பால் விரைவில் உறைந்து கெட்டுப்போகும் என்பதைத் தொழிலாளர் அறிவர். பட்டியலிலும் இது நிகழும். சவர்க்காரத்திற்காகக் கோரிய படம் வரத் தாமதமாகிறது. அதற்குள் அச்சட்டம் அரிசிக்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பின்னர் வந்து சேரும் சவர்க்காரப் படம், அரிசியின் பெயருக்கு அருகே போய் ஒட்டிக்கொள்கிறது! படத்தை நம்பிப் பொருள் வாங்குவோர் இதனால் ஏமாற்றம் அடைவர். எழுத்தறிவு குறைந்த முதியோர் படத்தையே பெரிதும் நம்புவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனைத் தவிர்க்க மூன்று செயல்கள் தேவை. சட்டத்தை மறுமுறை பயன்படுத்துமுன் பழைய படத்தை அழித்துவிட வேண்டும். பழைய கோரிக்கையை நீக்க வேண்டும். படம் வந்து சேரும்போது, இச்சட்டம் இன்னமும் அப்பொருளுக்கே உரியதா என்று அடையாளத்தைச் சரிபார்த்த பின்னரே ஒட்ட வேண்டும்.

ஐந்தாம் விதி: கொணர்ந்ததைக் காத்து வைத்தல்

ஒருமுறை தருவித்த படத்தை மறுமுறையும் தருவிப்பது இரட்டைச் செலவு. ஆகவே, வந்த படங்களை இரண்டு இடங்களில் காத்து வைக்கலாம். முதலாவது நினைவகம், இங்கிருந்து எடுத்தல் மிக விரைவு, ஆனால் இடம் சிறிது, செயலி மூடப்பட்டால் அழிந்துவிடும். இரண்டாவது கைப்பேசியின் நிலைச் சேமிப்பகம். எடுத்தல் சற்றுத் தாமதம். ஆனால் இடம் பெரிது. கைப்பேசியை அணைத்தாலும் நிலைத்திருக்கும். செயலி முதலில் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். அங்கு இல்லையேல் சேமிப்பகத்தைப் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையேல் மட்டுமே இணையத்தை நாட வேண்டும். வீட்டுப் பெண்மணி கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டியை முதலிலும், அடுத்து அலமாரியையும், இறுதியிலேயே கடையையும் நாடுவதைப் போன்றது இது.

சேமிப்பிடம் நிறைந்துவிட்டால் எதனை நீக்குவது? இக்கேள்வி கைப்பேசிக்கு முன்பே கணினித்துறையில் எழுந்தது. 1966-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த லாசுலோ பெலாடி, பல்வேறு நீக்கல் முறைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எதிர்காலத்தில் எது மிகவும் பிந்தித் தேவைப்படுமோ அதனை நீக்குவதே மிகச் சிறந்தது. ஆனால் எதிர்காலத்தை எவர் அறிவார்? எனவே, கடந்த காலத்தை வழிகாட்டியாகக் கொண்டு, நெடுநேரம் தொடப்படாததை முதலில் நீக்கும் முறை பெருவழக்காயிற்று.

காத்து வைத்தலிலும் கவனம் தேவை. கடைக்காரர் ஒரு பொருளின் படத்தை மாற்றிவிட்டால், நம் கைப்பேசி பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். படத்தை மாற்றும்போது அதன் கோப்புப் பெயரையும் மாற்றிவிட்டால் இக்குறை நீங்கும். புதுப் பெயரைக் கண்ட செயலி, புதிய படத்தைத் தானே கேட்டுப் பெறும்.

ஆறாம் விதி: இடத்தை முன்னரே ஒதுக்குதல்

படம் வருமுன் அதற்குரிய இடத்தைத் திரையில் ஒதுக்காவிட்டால், படம் வந்தவுடன் பட்டியல் திடீரெனக் கீழே துள்ளும். ஒரு பொருளைத் தொடக் கருதிய விரல் வேறொன்றின்மீது பட்டுவிடும். வேண்டாத பொருளை வாங்கிவிடும் இடரும் இதனால் ஏற்படலாம். ஆகவே, ஒவ்வொரு படத்தின் அகல உயரங்களையும் பொருளின் பெயர், விலை ஆகியவற்றோடு முன்னரே அனுப்பிவிட வேண்டும். செயலி அந்த அளவில் ஒரு சாம்பல் நிறக் கட்டத்தை வரைந்து வைத்துக் காத்திருக்கும்.

இதிலும் சிறந்த ஒரு முறையை ஃபேஸ்புக் நிறுவனப் பொறியாளர்கள் 2015-ஆம் ஆண்டில் விளக்கினர். பெரிய படம் வருமுன், அதன் மங்கலான சாயலை 200 பைட்டுக்குள் அடக்கி முதலிலேயே அனுப்பிவிடுவது அம்முறை. ஜேபெக் கோப்பின் தலைப்பகுதி அத்தகைய சிறு படங்கள் அனைத்திற்கும் ஒன்றாகவே அமையுமாறு செய்து, அதனைச் செயலியிலேயே நிலையாக வைத்துவிட்டனர். படந்தோறும் மாறும் பகுதி மட்டுமே பயணம் செய்தது. வெறுஞ்சட்டத்திற்குப் பதிலாக மங்கிய சாயல் தோன்றுவதால், காத்திருக்கும் நேரம் குறைந்தாற்போலத் தோன்றும்.

அதே ஆண்டு அக்டோபர் திங்களில் அந்நிறுவனம் வேறொரு முயற்சியையும் தொடங்கிற்று. விரும்பும் ஊழியர்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் தங்கள் செயலியை மிகவும் மெதுவான 2ஜி இணைப்பின் வேகத்தில் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பதே அது. இந்தியா போன்ற நாடுகளில் கோடிக்கணக்கானோர் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர் என்பதைப் பொறியாளர்கள் தாமே உணர வேண்டும் என்பது நோக்கம். விரைவான இணைப்பில் அமர்ந்து செயலி அமைப்போர்க்கு மெதுவான இணைப்பின் துன்பம் தெரியாது என்னும் உண்மையை இம்முயற்சி ஒப்புக்கொள்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

நாம் கற்பனை செய்த 60 பொருள் பட்டியலுக்கு மீண்டும் வருவோம்.

விதிகளைப் பின்பற்றாத முறையில், ஒரு படத்திற்கு 4 மெகாபைட்டு வீதம் 60 படங்களுக்கு 240 மெகாபைட்டு. காத்து வைத்தல் இல்லையாதலால், மாதத்தில் நான்கு முறை திறந்தால் 960 மெகாபைட்டு. அதாவது, காசு கொடுத்து வாங்கிய ஒரு கிகாபைட்டு டேட்டா, மளிகைப் பட்டியலைப் பார்ப்பதிலேயே ஏறத்தாழ முழுமையும் கரைந்துவிடும்.

விதிகளைப் பின்பற்றிய முறையில், சிறுபடம் ஒன்று 15 கிலோபைட்டு எனக் கொண்டால், 60 படங்களும் 900 கிலோபைட்டு. ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. காத்து வைத்தலும் இருப்பதால், மறுமுறை திறக்கும்போது படங்களுக்கென மீண்டும் செலவில்லை. மாதம் நான்கு முறை திறப்பினும் அதே 900 கிலோபைட்டே. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு!

பொருள் ஒன்றே, கடை ஒன்றே, கண் காணும் படமும் ஒன்றே. மாறியது அமைத்த முறை மட்டுமே. முன்கட்டணமாகச் சிறுகச் சிறுக டேட்டா வாங்கும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு சிறியதன்று. செயலி அமைப்போரின் கவனக்குறைவுக்குரிய விலையை, அதனைப் பயன்படுத்துவோர் தம் ஊதியத்திலிருந்து செலுத்த வேண்டியுள்ளது.

நாம் செய்யக்கூடியவை

நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு படிப்படியாக நிறுத்தப்பட்டு, 4ஜி சேவை விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 5ஜி சேவையும் தொடங்கப்பெற்றது. ஆயினும், அடர்ந்த இலைகளின் ஊடே அலைகள் வலுக்குன்றும் என்பது இயற்கை. கோபுரத்திலிருந்து தொலைவில் உள்ள தோட்டங்களில் இணைப்பு மெதுவாகவே இருக்கக்கூடும். எனவே, பயன்படுத்துவோரும் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நன்று.

1. கைப்பேசியின் அமைப்புகளில் டேட்டா சிக்கன வசதி இருக்குமாயின், அதனை இயக்கி வைக்கவும்.

2. வாட்ஸ்அப் செயலியில் படங்களும் காணொளிகளும் தாமாகவே இறங்குவதை வைஃபை இணைப்பிற்கு மட்டும் என்று மாற்றி அமைக்கவும். வேண்டிய படத்தை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம்.

3. செயலி காத்து வைத்துள்ள தற்காலிகக் கோப்புகளை நாள்தோறும் அழிப்பது சிக்கனம் ஆகாது. அழித்த படங்கள் அனைத்தும் மீண்டும் டேட்டாவைச் செலவழித்தே வரவேண்டும். இடம் உண்மையாகவே போதாதபோது மட்டும் அழிக்கவும்.

4. எந்தச் செயலி எவ்வளவு டேட்டாவைச் செலவழித்தது என்பதைக் கைப்பேசியின் அமைப்புகளில் மாதம் ஒருமுறை பார்க்கவும். அளவுக்கு மீறித் தின்னும் செயலி எது என்பது புலப்படும்.

5. கெலாங் பாத்தா போன்ற எல்லைப்புறங்களில், கைப்பேசி நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூர்க் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே, அயல்நாட்டு இணைப்பில் டேட்டா செல்லும் ரோமிங் வசதியைத் தேவையற்ற வேளைகளில் நிறுத்தி வைப்பது நலம்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

செயலி அமைக்கும் கலை இன்று நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. மேற்கூறிய விதிகளுட் பலவற்றைத் தாமே செய்து முடிக்கும் கருவித் தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆண்டிராய்டுக்குரிய கிளைடு, காயில், 2015-இல் வெளிவந்த ஃபிரெஸ்கோ ஆகியன அவற்றுட் சில. சட்டத்திற்கேற்ப விரித்தல், கோரிக்கையை நீக்கல், காத்து வைத்தல் ஆகியவற்றை அவை கவனித்துக்கொள்ளும். ஆனால், வழங்கியில் சிறுபடம் இல்லையேல் எக்கருவியாலும் பயண எடையைக் குறைத்தல் இயலாது. கருவியை நம்பி விதியை மறத்தல் கூடாது.

திரை ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது எனில், ஒவ்வொரு முறைக்கும் கிட்டும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் 16 பங்கு அளவே. அந்நேரத்திற்குள் படத்தை விரிக்கும் கடும் பணியையும் திரையை வரையும் அதே பணிவரிசையிலேயே சேர்த்தால் பட்டியல் விக்கும். விரித்தலைப் பின்னணிப் பணிவரிசைக்கு மாற்றிவிட வேண்டும். இறுதியாக, நீங்கள் அமைத்த செயலியை உங்களிடம் உள்ள புதிய கைப்பேசியில் மட்டும் சோதிக்காதீர்கள். வீட்டில் உள்ள மிகப் பழைய கைப்பேசியை எடுத்து, இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில் நின்று சோதியுங்கள். அங்கே தடையின்றி ஓடினால் எங்கும் ஓடும்.

காண்பதற்கு வேண்டிய அளவே கொணர்தல், கொணர்ந்ததை மீண்டும் கொணராமை, தேவையற்றதைப் பாதியிலேயே விடுத்தல் ஆகிய மூன்றுமே இப்பாடத்தின் சாரம். சொட்டுப் பாலும் வீணாகாமல் சேர்த்துப் பழகிய மக்களுக்கு இச்சிக்கனம் புதியதன்று. அதே கவனத்தைக் கைப்பேசித் துறையிலும் நம் பிள்ளைகள் கைக்கொள்வராயின், தோட்டத்து வீட்டின் பழைய கைப்பேசியிலும் தடையின்றி ஓடும் செயலிகளை அவர்களே ஆக்கித் தருவர்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு படத்தின் பயண எடைக்கும் திரை எடைக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. 2,000 புள்ளி அகலமும் 1,500 புள்ளி உயரமும் உள்ள படத்தின் திரை எடையைக் கணக்கிடுக. (விடை: 12 மெகாபைட்டு)

3. பொருளின் பெயருக்கு அருகே வேறொரு பொருளின் படம் தோன்றுவது ஏன்? அதனைத் தவிர்க்கும் மூன்று செயல்கள் யாவை?

4. பெரிய படத்தைக் கைப்பேசியிலேயே சிறிதாக விரிப்பதால் குறைவது எது? குறையாதது எது?

5. உங்கள் கைப்பேசியில் சென்ற மாதம் மிகுதியான டேட்டாவைச் செலவழித்த செயலி எது என்பதைக் கண்டறிந்து, அதற்குரிய காரணத்தை இப்பாடத்தின் துணைகொண்டு ஆராய்க.